துடைப்பம் தாண்டிய பிறகு

ரிப்ளி, ஒஹாயோ
மார்ச் 22, 1865

என் பேத்தி கெஸையாவைக் கட்டிய பேரன் ஆஸ்பெரிக்கு,

முதலில் நீ கேட்டது, நலம் அப்புறம். உங்கள் கல்யாணத்தன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நீ, கெஸையா, நான். வார்த்தை சொல்லிக் கல்யாணம் செய்துவைத்த போதகர் ஓபதியா. நம் வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து தாண்டுகிற துடைப்பத்தின் ஒரு முனையைப் பிடித்த ஜூபிட்டர், மறுமுனையைப் பிடித்த அவன் மனைவி மஹாலா. பாதிப் போதையில் பிடில் வாசித்த சைரஸ். சோள அப்பத்தட்டோடு சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த ஃபில்லிஸ். மேலே முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஹார்பெசன் எஜமான், அவர் மனைவி, அவரைப் பெற்ற கிழவி. 1859, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பனி பெய்து ஓய்ந்திருந்தது, ஓர் இலைகூட அசையவில்லை. கெஸையா போட்டிருந்தது கிழவியின் பழைய நீலப் பாவாடை, இடுப்பில் நான் பிடித்துத் தைத்தது.

இப்போது நலம். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி குறையில்லை. உன் இருமல் நின்றதா?

உன் கடிதத்தைச் சலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்ததை நம்பாமல் கோயிலுக்கு ஓடி அங்கே இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையே படித்தார். பட்டாளத்தில் சேர்ந்தவனின் மனைவியும் பிள்ளைகளும் இனி அடிமைகள் இல்லை என்று வாஷிங்டனில் சட்டம் போட்டிருக்கிறார்கள். கென்டகிச் சட்டம் நம் கல்யாணத்தைக் கல்யாணமாக எண்ணாவிட்டாலும் போகட்டும், சடங்கு நடந்ததைக் காட்டினால் போதுமாம். என் கெஸையாவுக்கும் சின்ன ரோடாவுக்கும் விடுதலை. நான் பாதித் துணியை அலசாமலே காயப்போட்டுவிட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன் ஜனாதிபதியின் விடுதலைக் காகிதம் வந்தபோது ஹார்பெசன் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி என்ன சொன்னார் என்று கெஸையா எனக்குச் சொல்லி அனுப்பினாள், உனக்கும் நினைவிருக்கிறதா? "இது யூனியன எதுத்துச் சண்டைக்குப் போன தென் மாநிலங்களுக்கு. நம்ம கென்டகி யூனியனுக்கு விசுவாசமா இருக்கு. அதனால நீங்க எல்லாம் போய் வேலையப் பாருங்க." இனி அவர் எந்தக் காகிதத்தைப் படிப்பார் என்று பார்க்கிறேன்.

உன் பாட்டி,
டார்க்கஸ்

*

கென்டகி, முகாம்
ஏப்ரல் 3, 1865

அன்புள்ள பாட்டிக்கு ஆஸ்பெரி எழுதுவது. இருமல் போய்விட்டது. இந்தக் கடிதம் முழுக்க நானே எழுதியது, முகாம் பள்ளிக்கூடத்து அம்மா பக்கத்தில்கூட இல்லை.

எங்கள் கேப்டன் மேஸ்வில்லில் இருக்கும் ராணுவ அதிகாரிக்கு என் மனைவியைப் பற்றி எழுதினார். அதிகாரி ஹார்பெசனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "கல்யாணம் நடந்தது உண்மைதான். மரணமோ தூரமோ பிரிக்கும் வரைன்னு போதகர் சொன்னத என் காதால கேட்டேன். இவன் எண்பது மைல் நடந்து போய்ட்டான். தூரம் பிரிச்சிடுச்சு. பட்டாளத்துல சேந்த அன்னிக்கு அவ இவன் பொண்டாட்டியே இல்ல."

நம் ஆட்களைப் பின்னால் தூரத்து ஊருக்கு விற்க வசதியாக எஜமான்கள் கல்யாணத்தில் சேர்த்த அந்த ஒரு வார்த்தையை இப்போது கயிறாகத் திரிக்கிறார். அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் கென்டகி நீதிமன்றத்தில் வெள்ளைக்காரருக்கு எதிராக நம் ஆள் சொல்லும் சொல் சொல்லே அல்ல. வழக்கு அங்கே போனாலும் நிற்கவேண்டும் என்றால் அன்று இருந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து சொல்லவேண்டுமாம். விசாரணை ஜூன் 17.

பாட்டி, எனக்கு ஒன்று நினைவிருக்கிறது. ஓபதியா முதலில் மரணம் என்று மட்டும்தான் சொன்னார். நாங்கள் துடைப்பத்தைத் தாண்டிவிட்டோம். அதற்குப் பிறகுதான் முகப்பிலிருந்து ஒரு பெண்குரல், "தூரத்த விட்டுட்டீங்க" என்று கத்தியது. போதகர் பயந்துபோய் மறுபடி சொன்னார். தாண்டியபோது தூரம் என்ற பேச்சே இல்லை. கத்தியது யார்? ஹார்பெசன் மனைவியின் குரல் அது இல்லை. கிழவிக்கு அவ்வளவு சத்தம் கிடையாது.

உங்கள் பேரன்,
ஆஸ்பெரி

*

ரிப்ளி
ஏப்ரல் 11, 1865

பேரனுக்கு,

நான் நலம், ஊரே நலம், ஆறே நலம். தென்படைத் தளபதி சரணடைந்துவிட்டான். நேற்றுக் காலையிலிருந்து எல்லாக் கோயில் மணியும் அடிக்கிறது, நீராவிப் படகுகள் ஊதி ஊதி ஆவி தீர்ந்து நடு ஆற்றில் நிற்கின்றன. வாழ்நாளில் ஆடாத நான் பேக்கரிக்காரனோடு தெருவில் ஆடினேன். அக்கரைக் கென்டகியில் ஹார்பெசன் தன் யூனியன் கொடியை உச்சிக்கு ஏற்றித் துப்பாக்கி சுட்டாராம். ஜெயித்தாராம் அவர். தோற்ற ஊரில் எல்லாம் நம் ஆட்கள் விடுதலை, ஜெயித்தவர் வீட்டில் கெஸையா பால் கறக்கிறாள். இதைப் பேக்கரிக்காரனிடம் சொன்னேன். அவன் ஆடுவதை நிறுத்திவிட்டான்.

நீ கேட்டதற்கு: ஓபதியா செத்துப்போனார். கிழவியும் என்னை விடுதலை செய்துவிட்டுப் போய்ச்சேர்ந்தாள். எஜமானியம்மாள் புருஷன் கண்ணைக் காட்டாமல் தும்மக்கூட மாட்டாள். குரல் பற்றிக் கேட்டிருக்கிறாய். அன்று காற்று பலமாக அடித்தது. யார் குரல் என்று எப்படிச் சொல்வது?

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

டார்க்கஸ்

*

முகாம்
ஏப்ரல் 26, 1865

அன்புள்ள பாட்டிக்கு,

காலுறை வந்தது, நன்றாகப் பொருந்தியது. நாங்கள் எல்லாரும் கையில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறோம். ஜனாதிபதியைச் சுட்டுக் கொன்ற சேதி வந்த அன்று முகாமில் ஒருவரும் சமைக்கவில்லை.

படகோட்டி மூலம் கெஸையா சொல்லி அனுப்பினாள். புகையிலை நாற்று நட்டு முடிந்ததும் அவளையும் குழந்தையையும் மலைப்பக்கத்தில் இருக்கும் பங்காளி வீட்டுக்கு அனுப்பிவிடப் போகிறாராம் ஹார்பெசன். அங்கே போய்விட்டால் எந்த அதிகாரியின் காகிதமும் அவர்களைத் தேடிப் போகாது. ஜூன் 17 தவறினால் எல்லாம் தவறியது.

பாட்டி, அன்று காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை என்று நீங்களே எழுதினீர்கள். பாவாடையை இடுப்பில் பிடித்துத் தைத்தது வரை உங்களுக்கு நினைவிருக்கிறது. அந்த முகப்பில் இன்னொருத்தி இருந்தாள். யார்?

ஆஸ்பெரி

*

முகாம்
மே 18, 1865

அன்புள்ள பாட்டிக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு என்ன? முழங்காலா? நான் மரியாதை இல்லாமல் ஏதாவது எழுதியிருந்தால் மன்னியுங்கள். இங்கே வெயில் ஏறிவிட்டது. எனக்குத் தூக்கம் இல்லை.

ஆஸ்பெரி

*

ரிப்ளி
மே 28, 1865

ஆஸ்பெரிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுப்பேன், அந்தப் பெயரை எழுதவேண்டுமே என்று வைத்துவிடுவேன். என் வாயில் அந்தப் பெயர் வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது.

லவீனியா. ஹார்பெசனின் தங்கை. டோல் என்பவனைக் கட்டிக்கொண்டவள். அன்று முகப்பில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாதுமைக் கொட்டை தின்றுகொண்டிருந்தாள். கத்தியது அவள்தான். நீ சொன்ன வரிசையே சரி: ஓபதியா மரணம் என்றார், நீங்கள் தாண்டினீர்கள், பிறகு அவள் கத்தினாள், பிறகுதான் தூரம் வந்தது.

அவள் கல்யாணத்தின்போது கிழவி அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது என் மகள் ரோடாவை. கெஸையாவின் அம்மாவை. கெஸையா அப்போது தவழ்கிற பிள்ளை, என்னோடு ஹார்பெசன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள் லவீனியா ரோடாவை ஒரு வியாபாரிக்கு விற்று, அந்தக் காசில் வண்டிக்கு ஒரு ஜோடிச் சாம்பல்நிறக் குதிரை வாங்கினாள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குதிரைகள் முற்றத்துக்குள் வந்தபோது, "புதுசா? எங்க வாங்கினது?" என்று நானே கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது.

அவள் புருஷன் தென்படைக் குதிரைப்பட்டாளத்தில் போய்ச் செத்தான். அண்ணன் யூனியன், தங்கை தென்படை, மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணனை அவமானப்படுத்த ஒரு வழி கிடைத்தால் அவள் விடமாட்டாள். இது எனக்கு உன் முதல் கடிதம் வந்த அன்றே தெரியும். அவளிடம் போய் நிற்கவேண்டும் என்பதால்தான் நான் அவளை எழுதவில்லை.

டார்க்கஸ்

*

முகாம்
ஜூன் 4, 1865

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். இங்கே மழை. புது பூட்ஸ் கொடுத்தார்கள், வலதுகால் கடிக்கிறது. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

விடுதலையான கறுப்பர் கென்டகிக்குள் திரும்பக் கால் வைத்தால் பிடித்துச் சிறையில் போடுவார்கள் என்று சட்டம் இன்னும் இருக்கிறது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதனால் உங்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சின்ன ரோடாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம்.

ஆஸ்பெரி

*

ரிப்ளி
ஜூன் 12, 1865

ஆஸ்பெரிக்கு,

நலம். போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

படகோட்டி என்னைத் துணிமூட்டைகளுக்கு நடுவில் ஒரு மூட்டையாக உட்கார வைத்து அக்கரை சேர்த்தான். மேட்டில் இருக்கும் டோல் வீட்டுக்கு ஏறிப் போனேன். லவீனியா பின்கட்டில் தனியாக உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆட்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அந்த விரல்களுக்குப் பட்டாணி உரிக்க வரவில்லை. பாதி மணி தரையில்.

"யாரது?"

"டார்க்கஸ்."

"அம்மாவோட டார்க்கஸா? நீ ஆறு தாண்டக்கூடாதே. பாத்தா புடிச்சு உள்ள போட்ருவாங்க."

"தெரியும் லவீனியா. அதான் சீக்கிரம் பேசிட்டுப் போறேன்."

"மிஸ் லவீனியா எங்க போச்சு?"

"ஆத்துல விழுந்துருச்சு. தேட நேரமில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். தூரம் என்ற வார்த்தையை வைத்து ஹார்பெசன் செய்வதைக் கேட்டதும் பட்டாணிக் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த வார்த்த என்னோடது. நான் கத்தினது. அவனுக்கு எதையும் சொந்தமா யோசிக்கத் தெரியாது, அப்பவும் சரி, இப்பவும் சரி. அதுங்க தாண்டினதுக்கு அப்புறந்தானே நான் கத்தினேன்?"

"ஆமா."

"நான் வந்து சொன்னா அவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

"வேகவெச்ச பீட்ரூட் மாதிரி இருக்கும்."

சிரித்தாள். "என் புருஷன் செத்த சேதி வந்த அன்னிக்குக்கூட அந்தக் கொடிய எறக்கலடி அவன். என் சன்னலுக்கு நேரா ஆடிட்டே இருந்துச்சு." சிரிப்பு நின்றது. "வரேன். ஆனா ஒண்ணு. ரோடா விஷயத்துல என்னை மன்னிச்சிட்டேன்னு நீ சொல்லணும். இந்த வீட்டுல தனியா இருக்கேன் டார்க்கஸ். ராத்திரியில அந்த நெனப்பு வருது."

நான் கேட்டேன்: "அவள வாங்கிட்டுப் போனவன் பேரு என்ன? எந்த ஊருக்குக் கொண்டுபோனான்? அதச் சொன்னா தேடுவேன். இப்ப தேடலாம், வழி இருக்கு."

அவள் யோசித்தாள். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தாள். "சிவப்பு மீசை வெச்சிருந்தான். பேரு... எவ்ளோ காலம் ஆச்சு. ஊரும் சொன்னான். நெனப்பு வரல."

"அந்தக் காசுல வாங்கின குதிரைங்க?"

"டியூக், டச்சஸ்" என்றாள் உடனே.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒரு பட்டாணித் தோலைக் கையில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

நான் சொன்னேன்: "மன்னிச்சேன்னு சொல்லச் சொன்னா இப்பவே சொல்றேன். என் பேத்திக்காக எத வேணா சொல்லுவேன். ஆனா அது பொய்யா இருக்கும். பொய் வேணுமா?"

மடித்த தோலைக் கூடையில் போட்டாள். "வேணாம்" என்றாள். பிறகு, "பதினேழாந்தேதி எத்தன மணிக்கு?"

அவ்வளவுதான். வருவாளா என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது படகோட்டி, "என்ன ஆச்சு பெரியம்மா?" என்று கேட்டான். "வேகமா துடுப்புப் போடு" என்றேன்.

டார்க்கஸ்

*

முகாம்
ஜூலை 2, 1865

என் பாட்டிக்குக் கெஸையா சொல்ல இவர் எழுதுகிறார். நானும் குழந்தையும் நலம். நாங்கள் முகாமில் இருக்கிறோம். இவரோடு. இதை ரெண்டுமுறை எழுதச் சொன்னேன், ஒருமுறை போதும் என்கிறார்.

விசாரணையைக் கேளுங்கள். ஹார்பெசன் கோட்டில் சின்னக் கொடி குத்திக்கொண்டு வந்தார். நானும் ரோடாவும் பின்னால் நின்றோம். நேரம் போனது, யாரும் வரவில்லை. அதிகாரி காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது கதவு திறந்து லவீனியா அம்மாள் தலையிலிருந்து கால்வரை கறுப்பில் உள்ளே வந்தாள். ஹார்பெசன் எழுந்தே விட்டார்.

"இவ தென்படைக்காரன் பொண்டாட்டி. துரோகி. இவ சொல்லு செல்லாது" என்றார்.

அதிகாரி கேட்டார்: "அம்மா, யூனியனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"எடுக்காதவங்க சாட்சி சொல்ல முடியாது."

நாலு வருஷமாக அவள் எடுக்காத பிரமாணம். அதை எடுக்க மறுத்ததற்காக அவள் மாடுகளையே பட்டாளம் ஓட்டிப்போனது. அவள் அண்ணனைப் பார்த்தாள், அவர் முகத்தில் சிரிப்பு. கையுறையைக் கழற்றினாள். பைபிள் மேல் கையை வைத்தாள். கசப்பு மருந்தை விழுங்குவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

பிறகு: "போதகர் சாவு மட்டும்தான் சொன்னாரு. இதுங்க தாண்டிருச்சுங்க. அப்புறம் நான் கத்தினேன், அவரு திருப்பிச் சொன்னாரு. தாண்டினதுக்கு அப்புறம் யாரு என்ன கத்தினாலும் கல்யாணத்துல சேராது. எங்க அண்ணன் கல்யாணத்துல எங்க மாமா குடிச்சிட்டு என்னென்னமோ கத்தினாரு. அதெல்லாம் சேத்துக்கிட்டா அண்ணி இன்னிக்கு யாரு பொண்டாட்டின்னே சொல்ல முடியாது."

காவலுக்கு நின்ற சிப்பாய்கூடச் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் மீசையைத் தடவிக்கொண்டார். விடுதலைச் சீட்டை எழுதி என் கையில் கொடுத்தார். எனக்கும் ரோடாவுக்கும்.

வெளியே வந்தோம். ஹார்பெசன் பழக்கதோஷத்தில், "கெஸையா, மாடு கறக்க நேரமாச்சு" என்றார்.

"மாடு உங்களோடதுங்க. நீங்களே கறங்க" என்றேன்.

நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். ரோடா, நீதான் சொன்னே அம்மா என்கிறாள். லவீனியா அம்மாளுக்கு நன்றி சொல்லலாம் என்று திரும்பினால் அவள் வண்டி போய்விட்டது. பாட்டி, அவள் நமக்காகச் செய்தது சின்ன விஷயமில்லை. உங்களிடம் வேறொன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் கெஸையா

*

மேஸ்வில் சாலை, கென்டகி
ஜூலை 20, 1865

டார்க்கஸுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுமார்.

பிரமாணம் எடுத்த நாள் முதல் இந்தப் பக்கத்துப் பெண்கள் ஒருத்தியும் என் வீட்டுப்படி ஏறுவதில்லை. கோயிலில் என் பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன். அண்ணனோடு கணக்கு தீர்ந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காக மட்டும் நான் பைபிளில் கை வைக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வியாபாரியின் பெயரை இன்னும் யோசிக்கிறேன். வரவில்லை. அன்று பொய் வேண்டாம் என்றேன். இப்போது உன் பேத்தி விடுதலையாகிப் புருஷனிடம் போய்விட்டாள், உன்னைக் கட்டாயப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது உண்மையாகச் சொல்ல முடியுமா? ஒரு வரி போதும்.

லவீனியா டோல்

*

ரிப்ளி, ஒஹாயோ
ஆகஸ்ட் 1, 1865

லவீனியாவுக்கு டார்க்கஸ் எழுதுவது. நான் நலம். முழங்கால் பழையபடிதான். உங்களுக்குத் தனியாகச் சமைத்துப் பழக்கமில்லை, அடுப்பில் பச்சை விறகு வைக்காதீர்கள், புகைந்து கண் போய்விடும்.

நீங்கள் செய்ததற்கு நன்றி. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதவில்லை. நீங்கள் அந்தப் பைபிளில் கை வைத்திருக்காவிட்டால் என் பேத்தி இன்றைக்கு மலைப்பக்கத்தில் எவன் வீட்டிலோ மாவு அரைத்துக்கொண்டிருப்பாள். படகோட்டியிடம் ஒரு ஜாடி பீச் பழப்பாகு கொடுத்து விட்டிருக்கிறேன். ஜாடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கோயிலில் பிரிந்தவர்களைத் தேடும் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறார்கள். நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ரோடா, இடது புருவத்தில் தழும்பு, பாடுவாள். யார் விற்றது என்று எழுதினேன். யார் வாங்கியது, எந்த ஊர் என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. படிக்கிறவர் அங்கே வந்ததும் ஒரு நொடி நிறுத்துகிறார், பிறகு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுகிறார். அந்த ஒரு நொடியில் உங்கள் அம்மா வீட்டு முற்றத்துக்குள் நுழைந்த குதிரைகளின் குளம்புச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

ஒரு வரி கேட்டீர்கள். உண்மையாகச் சொல்லச் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன், ஆளாளாக. பயந்துபோய் மறுபடி வார்த்தை சொன்ன ஓபதியாவை மன்னித்துவிட்டேன். ரோடாவை ரிப்பன் கட்டிச் சீதனமாகக் கொடுத்த உங்கள் அம்மாவை, அவள் சாகும்போது என்னை விடுதலை செய்ததால், பாதி மன்னித்தேன். மீதிப் பாதியை இந்த முழங்கால் வலிக்கு நடுவில் எப்போதாவது மன்னிப்பேன். உங்கள் அண்ணனைக் கடவுளிடம் விட்டுவிட்டேன், அவர்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும். சிவப்பு மீசைக்காரனைக்கூட, அவன் எந்த ஊர் என்று வந்து சொன்னால், மன்னித்துவிடுவேன்.

இந்த உலகத்தில் நான் மன்னிக்காத ஆள் ஒருத்திதான். குதிரைகளின் பெயர் நினைவிருக்கிறது அவளுக்கு. லவீனியா டோல்.